பர்மாப் பணமும் அம்பத்தூரும்: புலம்பெயர்ந்தோர் வருவாய் ஊர்ப் பொதுச்சொத்தாக மாறும் வழி

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்குக் கடல் கடந்த பணம் இரண்டு காலங்களில் வந்திருக்கிறது. முதலில் வந்தது, பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் குடும்பம் ஒன்றின் முதலீடு. அது தொழிற்சாலைகளாகவும் மருத்துவமனையாகவும் தொழில்நுட்பக் கல்லூரியாகவும் இன்றுவரை நிற்கிறது. அடுத்து வந்ததும் இன்று வந்துகொண்டிருப்பதும், வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வேலை பார்ப்பவர்கள் மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் பணம். அது பெரும்பாலும் குடும்பச் செலவாகவும் அடுக்குமாடி வீடாகவும் வங்கி வைப்பாகவும் முடிந்துவிடுகிறது. முன்னவர்கள் பெருந்தன்மையானவர்கள், பின்னவர்கள் தன்னலக்காரர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. அது தவறான விளக்கம். பணம் எந்த அமைப்பின் வழியாக ஊருக்குள் நுழைகிறது என்பதே அதன் பிற்கால வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நகரத்தார் செட்டியார்களின் பர்மா வணிகத்தில் பணம் ஊருக்கு வந்த முறையை முதலில் பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக் கடைகளின் முகவர்களும் அவர்களின்கீழ் வேலை பார்த்த அடுத்தாள், பெட்டியடிப் பையன் முதலியோரும் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறினார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது. எஞ்சியது உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு மூலமும் கணக்கு முடிக்கும்போதும் வந்து சேர்ந்தது. இன்றைய சொல்லில் இதுவே குடும்பத்துக்கான பணவரவு. அதற்கு இணையாக இன்னொரு ஓட்டமும் இருந்தது. வணிகத்தில் ஒரு சிறு விகிதத்தை மகமை என்று தனியே எடுத்துக் கோயிலுக்கும் அறச்செயல்களுக்கும் ஒதுக்கினார்கள். லாபத்தைக் கணக்கிட்டு மனம் வந்தால் கொடுப்பது என்ற நிலைக்கு அதை விடவில்லை; பேரேட்டிலேயே அதற்கென்று பற்று வரவு இருந்தது. ஊருக்கான பங்கு, தனியாரின் நல்ல மனத்தை நம்பியிராமல் கணக்கு முறைக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும், 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

அந்தப் பணத்தின் தோற்றுவாயை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. 1929-30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் செட்டியார்களின் முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அடுத்து வந்த பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது, கடன்கள் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நில உடைமை 1930களின் இறுதிக்குள் சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. வட்டிக்காரர்கள் விரும்பி வாங்கிய நிலம் அல்ல அது. ஆனாலும் நிலமிழந்த பர்மிய உழவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்காது. ஓரிடத்து வளர்ச்சிக்கு உதவிய பணம் வேறோரிடத்தில் என்ன விலைக்கு ஈட்டப்பட்டது என்ற கேள்வி, புலம்பெயர் வருவாயைப் பற்றிய எந்த ஆய்விலும் இடம்பெற்றாக வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட நகரத்தார் குடும்பம் பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் அ.மு. முருகப்பச் செட்டியாருடையது. அவர் 1900இல் பர்மாவில் தொழில் தொடங்கியவர். அவர் குடும்பம் 1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படையெடுப்புக்கு முன்பே, 1930களில் தன் முதலைப் படிப்படியாக இந்தியாவுக்குத் திருப்பியது. தாமதித்தவர்கள் போரிலும், பின்னர் வந்த நில நாட்டுடைமைச் சட்டங்களிலும் பெரும்பகுதியை இழந்தார்கள். திரும்பி வந்த முதல், மீண்டும் வட்டித் தொழிலுக்கே போகாமல் உற்பத்திக்குத் திரும்பியதுதான் அம்பத்தூரின் கதையை மாற்றியது. 1949இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடிக்கு வந்ததும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்ததும் 1960களில். ஆக, அரசின் பெருந்திட்டங்கள் வருவதற்கு ஒரு பத்தாண்டு முன்பே, கடல் கடந்து ஈட்டிய முதல் இந்த இருப்புப்பாதை ஓரத்துக் கிராமங்களில் இரும்புக் குழாய் வளைக்கத் தொடங்கிவிட்டது.

தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தவற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1966இல் அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை தொடங்கப்பட்டது. கூட்டு நிறுவனமான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்தவரின் பெயர் அது. சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் பேச்சில் அது ‘டி.ஐ. ஆஸ்பத்திரி’. ஆவடி சத்தியமூர்த்தி நகரில் முருகப்பா பாலிடெக்னிக் அமைந்தது. அம்பத்தூரில் சர் இராமசாமி முதலியார் பெயரில் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. இவை அனைத்தும் முருகப்பா குடும்பத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளவை. மூன்று கூறுகள் இங்கே ஒருசேர அமைந்துள்ளன. நிறுவனத்தின் லாபம் அறக்கட்டளைக்குத் தொடர்ந்து ஊட்டம் கொடுத்தது. அறக்கட்டளை, கொடுத்தவர்கள் மறைந்த பின்னும் நிலைக்கும் சட்ட உரு கொண்டது. பயன் பெற்றவர்கள் தொழிற்சாலையின் அண்டை அயலில் வாழ்ந்தவர்கள். பாலிடெக்னிக்கில் படித்த பிள்ளை ஃபிட்டராகவோ டர்னராகவோ தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்குப் போனான். அந்தப் பட்டறைகளின் அனுபவமே பின்னாளில் பலருக்கு வளைகுடா விசாவுக்கான தகுதியானது.

இது பெருமுதலாளிக் குடும்பத்தின் வணிக மூலதனம், இதை உழைப்பாளி அனுப்பும் பணத்தோடு ஒப்பிடலாமா என்ற மறுப்பு நியாயமானது. இரண்டும் ஒன்றல்ல. மாதச் சம்பளக்காரர் எவரும் தனியாக ஒரு மருத்துவமனை கட்ட இயலாது. கட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். ஆனால் ஒப்பீட்டின் நோக்கம் தொகையை அளப்பதன்று. சிறு தொகைகளைச் சேர்த்து ஒரு நிலையான அமைப்பாக்கும் கருவி மகமை, அறக்கட்டளை ஆகிய வடிவங்களில் முதல் அலையிடம் இருந்தது. இரண்டாம் அலையிடம் அது இல்லை.

இரண்டாம் அலையின் பரிமாணத்தை ரிசர்வ் வங்கியின் ஆய்வுகள் காட்டுகின்றன. 2023-24இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த தனியார் பணவரவு 118.7 பில்லியன் டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு, மகாராஷ்டிரமும் கேரளமும் மட்டுமே மேலே உள்ளன. அனுப்பும் நாடுகளில் அமெரிக்கா 27.7 விழுக்காட்டோடு முதலிடத்திலும், ஐக்கிய அரபு அமீரகம் 19.2 விழுக்காட்டோடு இரண்டாமிடத்திலும் இருக்கின்றன. பணம் என்ன ஆகிறது என்பதற்கு 2016-17ஆம் ஆண்டுக்கான ஆய்வு விடை தருகிறது: 59.2 விழுக்காடு குடும்பப் பராமரிப்புக்கு, 20 விழுக்காடு வங்கி வைப்புக்கு, 8.3 விழுக்காடு நிலம், பங்கு முதலான முதலீடுகளுக்கு. குடும்பப் பராமரிப்பை வீண் செலவாகப் பார்க்கும் பழைய பொருளாதார நோக்கு தவறானது. பெற்றோரின் மருத்துவம், தங்கையின் படிப்பு, அடைபட்ட கடன் இவையெல்லாம் வளர்ச்சிதான். அந்த வளர்ச்சி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது என்பது மட்டுமே இங்குள்ள கவலை.

வாசலைத் தாண்டும் பங்கு மனைக்கும் பிளாட்டுக்கும் போவதற்குச் சட்டமும் ஒரு காரணம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வெளிநாடு வாழ் இந்தியர் வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க இயலாது; குடியிருப்பு, வணிகச் சொத்து வாங்கலாம். துபாயில் இருந்தபடி முதலீடு தேடுபவருக்கு, ஊரில் நஞ்சை வாங்கும் வழி அடைபட்டு, நகர விளிம்பின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு மட்டுமே திறந்திருக்கிறது. பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கம் மனைப்பிரிவுகள் பெருகியதில் இந்தத் தேவைக்கும் பங்குண்டு. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ வழித்தடம் அந்த ஈர்ப்பை இன்னும் கூட்டியது. விலை ஏறும்போது சொத்துள்ளவர் லாபம் அடைகிறார். அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் தொழிற்பேட்டைத் தொழிலாளி இன்னும் தள்ளிப் போகிறார். கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் கழிவுநீரை வாங்கிக்கொண்டிருக்க, அவற்றைப் பார்த்தபடி எழும் வீடுகளின் விலை ஏறுகிறது. தனிச்சொத்து வளர்ந்து பொதுச்சொத்து தேயும் இந்த முரண்பாடு மேற்குப் புறநகரின் ஆழமான காயம்.

சட்டத்தைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியிருப்பவர்களில் பெரும்பகுதியினருக்கு இவை சொந்த ஊர் அல்ல. தென்மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் இவை. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில் நன்கொடைக்கென்று ஒதுக்குவது திருநெல்வேலிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்குப் போகிறது; அவன் பிறந்து படித்து வளர்ந்த ஆவடிக்கு வருவது அடுக்குமாடி வீட்டின் மாதத் தவணை. கிராமத்துக்கு வரி கேட்கும் உரிமையும் கேட்டு வாங்கும் பெரியவர்களும் உண்டு. புறநகருக்கு அந்த வாய் இல்லை. திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் போன்ற சில தலங்கள் மட்டுமே விதிவிலக்கு. தொழிற்பேட்டைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் நிலையும் இதுவே: அவர்கள் இங்கே ஈட்டுவது அங்கே வீடாகிறது. பணம் வாங்கும் ஊராகவும் பணம் அனுப்பும் ஊராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் இந்த வட்டாரம், இரு திசையிலும் தனக்கென்று எதையும் பிடித்துவைக்கத் தெரியாமல் இருக்கிறது.

பிடித்துவைக்கத் தெரிந்த சமூகங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் டொரண்டோவிலும் கிளை பரப்பி, போர்க் காலத்திலும் அதன் பின்னும் வகுப்பறை, நூலகம், ஆய்வுகூடம் என்று தாய்ப்பள்ளிக்குத் தொடர்ந்து செய்துவருகின்றன. அங்கே பணத்தைத் திரட்டும் சக்தி பள்ளியின் பெயர். மெக்சிகோவில் அமெரிக்கா வாழ் ஊர்ச் சங்கங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பெசோவுக்கும் ஊராட்சி, மாநில, மத்திய அரசுகள் ஆளுக்கொரு பெசோ சேர்க்கும் ‘ஒன்றுக்கு மூன்று’ திட்டம் சகடேகாஸ் மாநில அனுபவத்திலிருந்து பிறந்து 2002இல் நாடளாவியதானது. அதன் குறையும் படிப்பினையே: வலுவான சங்கம் இருந்த ஊர்களுக்கே பணம் போனது; சங்கம் அமைக்க ஆளில்லாத ஏழை ஊர்கள் பின்தங்கின.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய கருவி நமக்கு நாமே திட்டம். மக்கள் தரப்பு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு ஏற்கும் என்பது அதன் பொது விதி. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர் உதவியைத் திரட்டுகிறது. ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2024இல் அதே நாளில், அயலகத் தமிழர் தம் சொந்த ஊருக்கு உதவுவதற்கான ‘எனது கிராமம்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரிலேயே புறநகருக்கு இடமில்லை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் போன அம்பத்தூருக்கும், 2019இல் மாநகராட்சியான ஆவடிக்கும் கிராமம் என்ற அடையாளம் பொருந்தாது. அங்கே பிறந்து அயல்நாட்டில் வாழ்பவருக்கு ஊருக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும், எங்கே செய்வது என்பதற்கு அரசின் பட்டியலில் விடை இல்லை.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இன்னொரு தடை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை அச்சட்டத்தில் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அவரே அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும் அதே நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பாகிவிடுகிறது. வாங்கும் சங்கம் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் அல்லது முன் அனுமதி பெற வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு கட்டாயம். பெற்றதை மற்றோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. பெரிய அறக்கட்டளைகள் இதைச் சமாளிக்கும். ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ ஏரிப் பாதுகாப்புக் குழுவோ சமாளிப்பது கடினம். சிறு உள்ளூர் அமைப்புகளுக்கு ஓர் உச்சவரம்புக்குள் எளிய பதிவு முறையை மத்திய அரசு வகுப்பது நியாயம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த வட்டாரத்தில் சொந்த ஊரின் இடத்தை நிரப்பக்கூடியது பள்ளியும் தொழிற்பயிற்சி நிலையமும்தான். சாதி, மாவட்டம், மொழி கடந்து இங்கே வளர்ந்தவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருக்கும் நினைவு அது ஒன்றே. முன்னாள் மாணவர் சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு பெற்று, வரும் நன்கொடையைச் சுவருக்கு வண்ணமடித்துத் தீர்த்துவிடாமல், மூலநிதியாக வைத்து வட்டியை மட்டும் செலவிடுவது, மகமை முறையின் இன்றைய வடிவமாக இருக்கும். ‘எனது கிராமம்’ என்ற பட்டியலோடு ‘எனது பள்ளி’, ‘எனது ஏரி’ என்ற பட்டியலையும் சேர்த்து, அம்பத்தூர் மண்டலத்துக்கும் ஆவடி மாநகராட்சிக்கும் பூந்தமல்லி நகராட்சிக்கும் அதை விரிவாக்குவது அயலகத் தமிழர் நலத் துறை அடுத்த ஆண்டு அயலகத் தமிழர் நாளுக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை.