ஷாக் சார்ட் பிறந்த கதை

தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் மர அறுவை மில்களிலும் மெயின் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு படம் தொங்கும். தவிட்டுத் தூசியோ மரத்தூளோ கண்ணாடியை மூடியிருக்கும். துடைத்துப் பார்த்தால் குப்புறக் கிடக்கிற ஒருவரும், அவர் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்துகிற இன்னொருவரும் தெரிவார்கள். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் விளக்கம். வயர்மேன்கள் இதை ஷாக் சார்ட் என்பார்கள். ஆயுத பூஜையன்று மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் சந்தனப் பொட்டு வைக்கும்போது இதற்கும் ஒன்று விழும். "இது எதுக்கு மாட்டியிருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டால், "இன்ஸ்பெக்டர் வந்தா கேப்பாருல்லா" என்பதுதான் வழக்கமான பதில்.

இன்ஸ்பெக்டர் கேட்பது உண்மைதான். ஆனால் படத்தில் குப்புறக் கிடக்கிறவருக்கும் மின்சாரத்துக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. அவர் தண்ணீரில் மூழ்கியவர்.

ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால்கள் ஓடும் நகரம். இருட்டில் கால் தவறி விழுந்து சாகிறவர்கள் அங்கே ஏராளம். மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே 1767-ல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774-ல் லண்டனிலும் ஒன்று வந்தது. அந்தக் காலத்து வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியாது. மூழ்கியவரைப் பீப்பாய் மேல் போட்டு உருட்டினார்கள்; குதிரையின் முதுகில் குறுக்கே கிடத்தி ஓட்டினார்கள். எல்லாவற்றையும் மிஞ்சியது புகையிலை வைத்தியம். துருத்தியைக் கொண்டு புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாக வயிற்றுக்குள் ஏற்றுவது. சூடும் காரமும் உயிரைத் திரும்ப அழைக்கும் என்று நம்பி, தேம்ஸ் நதிக்கரையில் இதற்கான கருவிகளையே தயாராக வைத்திருந்தார்களாம். பீடி சுற்றிப் பிழைக்கிற நம்மூர்ப் பெண்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மூச்சு நின்றவருக்குக் கையாலேயே மூச்சைத் திருப்பித் தரும் முறைகள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் பெயர் பெற்றன. 1858-ல் ஹென்ரி சில்வெஸ்டர் என்ற லண்டன் மருத்துவர் ஒரு முறையைச் சொன்னார். ஆளை மல்லாக்கக் கிடத்தி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் இழுத்து, பிறகு மடக்கி மார்பின் மேல் அழுத்த வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். எடின்பரோவில் உடலியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ஷேஃபர் 1903-ல் ஆளையே புரட்டிப் போட்டார். குப்புறக் கிடத்தினால் நாக்கு முன்னால் விழும், குடித்த தண்ணீரும் வாய் வழியே வடியும், ஒருவரே விலாவின் கீழ்ப்பகுதியை அழுத்தி அழுத்தி விடலாம். நம் மில் சுவரில் இருக்கிற படம் பெரும்பாலும் இதுதான். சில சார்ட்டுகளில் கைகளைத் தூக்கி முதுகை அழுத்துகிற இன்னொரு படமும் இருக்கும். அது டென்மார்க் ராணுவ அதிகாரி ஹோல்கர் நீல்சன் 1932-ல் வெளியிட்டது. இந்த நீல்சன் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர். ஹேண்ட்பால் ஆட்டத்துக்கு முதன்முதலில் விதிகள் எழுதியவர்களில் ஒருவர். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பாடம் படித்தவர்களுக்கு இவர் பெயரும் ஷேஃபர் பெயரும் தேர்வுக்கு வரும் கேள்வி.

தண்ணீருக்கு வந்த வைத்தியம் கரண்டுக்கு எப்படித் தாவியது?

1879-ல் பிரான்ஸின் லியோன் நகரில், மேடை வேலை செய்த ஒரு தச்சர் 250 வோல்ட் மின்சாரம் தாக்கி இறந்தார். செயற்கையாக உண்டாக்கிய மின்சாரம் கொன்றதாகப் பதிவான முதல் சில சாவுகளில் அது ஒன்று. பத்தே ஆண்டில், 1889 அக்டோபரில், நியூயார்க்கின் நெரிசலான தெருவில் லைன்மேன் ஒருவர் கம்பிகளுக்கு நடுவில் சிக்கி, ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க இறந்துபோனார். மின்சாரம் ஆளை எப்படிக் கொல்கிறது என்பது அப்போது மருத்துவர்களுக்கே பிடிபடாத சங்கதி. பிரெஞ்சு மருத்துவ அறிஞர் ஆர்சேன் தார்சொன்வால் 1887-லேயே தொழிலிடத்து மின்சாவுகளைப் பற்றி எழுதியிருந்தார். கரண்ட் தாக்கியவரைத் தண்ணீரில் மூழ்கியவரைப் போலவே நடத்துங்கள் என்பது அவர் கருத்து. 1894-ல் அதற்குச் சான்றும் கிடைத்தது. பாரிஸ் அருகே ஆயிரக்கணக்கான வோல்ட் தாக்கி மூச்சு நின்று கிடந்த ஒரு தொழிலாளியைச் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். மூழ்கியவரின் படம் மின்சார உலகத்துக்குள் வந்த வாசல் அதுதான்.

படம் சுவருக்கு ஏறியது சட்டத்தால். 1908-ல் பிரிட்டன் தன் தொழிற்சாலைகளுக்கென்று மின்சார விதிகளை வகுத்தபோது, ஷாக் அடித்தவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவியை எழுதி ஒட்ட வேண்டும் என்று அதில் ஒரு விதி சேர்த்தார்கள். இந்தியாவில் 1910-ல் மின்சாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் சுதந்திர இந்தியா எழுதிய 1956-ம் ஆண்டு விதிகளில் 44-வது விதி, நம் ஷாக் சார்ட்டின் பிறப்புச் சான்றிதழ். மின் உற்பத்தி நிலையம், துணை மின் நிலையம், சுரங்கம், மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலை ஆகியவற்றில் மின் அதிர்ச்சிக்கான முதலுதவியை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதி, அந்த மாவட்டத்து மொழியிலும் எழுதி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்றது அது. அந்த விதியில் தொழிற்சாலை என்றால் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, கரண்டில் ஓடினால் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்த இடம். இரண்டே பேர் நிற்கிற மாவு மில்லுக்குத் தானாகப் பொருந்தாது. இன்ஸ்பெக்டர் எழுத்தில் உத்தரவு போட்டால்தான் பொருந்தும். ஆனால் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவது எங்கே அதிகம் என்று யோசித்தால், அந்தச் சின்ன மில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதே விதியில் மூன்றாவதாக ஓர் உட்பிரிவு இருந்தது. மில்காரர்களில் பெரும்பாலானோர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒட்டினால் மட்டும் போதாது. அங்கே மின்வேலை பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள் அந்த முதலுதவியை அறிந்திருக்கிறார்கள், செய்யவும் திறனுள்ளவர்கள் என்பதை உரிமையாளர் உறுதிப்படுத்த வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்குப் படம் உயிரைக் காப்பாற்றாது, கைதான் காப்பாற்றும் என்று தெரிந்தே இருந்தது. 2003-ல் புதிய மின்சாரச் சட்டம் வந்து, 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைப் புதிதாக எழுதிய பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. எந்த முறையில் முதலுதவி என்பதை மட்டும் 1956 விதி சொல்லவில்லை.  அட்டை அச்சடிக்கிறவர்களும் பழைய பிளாக்கையே திரும்பத் திரும்ப அச்சில் ஏற்றினார்கள்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பு, கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கரண்ட் தாக்கியவரை மூழ்கியவராக நினைத்தது பாதிதான் சரி. உயர் அழுத்தக் கம்பி தாக்கும்போது பல நேரம் மூச்சு நிற்கும். அப்படிப்பட்ட சிலரை மூச்சு கொடுத்து மீட்க முடிந்தது. ஆனால் நம் மில்லிலும் வீட்டிலும் வருகிற 230 வோல்ட் மாறுமின்சாரம் கொல்லும்போது பெரும்பாலும் இதயத்தில் கை வைக்கிறது. ஒரு கையில் ஏறி மார்பு வழியாகக் காலில் இறங்கும் மின்சாரம் பத்தில் ஒரு ஆம்பியர்கூட இருக்க வேண்டியதில்லை. இதயத் தசைகள் ஒழுங்கு கெட்டுத் தனித்தனியே துடிதுடிக்க ஆரம்பித்துவிடும். நடுக்கம் இருக்கும், ரத்தம் ஓடாது. ஜெனீவாவில் பிரெவோ, பட்டேலி என்ற இருவர் 1899-லேயே நாய்களில் இதைக் கண்டு எழுதினார்கள். பலமான இன்னொரு மின் அதிர்ச்சி அந்தத் துடிதுடிப்பை நிறுத்தும் என்பதையும் அவர்களே கண்டார்கள். எழுதியதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஒரு மின் பொறியாளர். 1920-களில் அமெரிக்க மின் நிறுவனங்கள் தங்கள் லைன்மேன்கள் செத்து விழுவதைப் பார்த்துக் கவலைப்பட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கின. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையில் இறங்கினார் வில்லியம் கூவன்ஹோவன். மார்பைத் திறக்காமல், வெளியிலிருந்தே அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் கருவியைச் செய்வதற்கு அவருக்கு 1957 வரை பிடித்தது. அடுத்த ஆண்டு, அவரிடம் படித்துக்கொண்டிருந்த கய் நிக்கர்பாக்கர் என்ற மாணவர் ஒன்றைக் கவனித்தார். அந்தக் கருவியின் கனமான தகடுகளை நாயின் மார்பில் வைத்து அமுக்கினாலே, கரண்ட் கொடுக்கும் முன்பே, ரத்த அழுத்தமானி அசைகிறது. அப்படியென்றால் மார்பை வெளியிலிருந்து அழுத்தினால் ரத்தம் ஓடும்! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1960 ஜூலையில் கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். யாரும், எங்கும் செய்யலாம், இரண்டு கைகள் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். கூவன்ஹோவனுக்கு 1969-ல் அந்தப் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. இன்று இதயம் நின்றுபோனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மார்பை அழுத்திச் செய்கிற சி.பி.ஆர். என்ற முதலுதவி லைன்மேன்களின் சாவிலிருந்து பிறந்தது. இதை எந்த எலெக்ட்ரீஷியன் வகுப்பிலாவது சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அதே பால்டிமோரில், அதே 1950-களில், பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருத்துவர் பழைய முறைகளுக்குப் பரீட்சை வைத்தார். தாமாக முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்து, முதுகை அழுத்துவது, கையைத் தூக்குவது எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பல பேருக்குக் காற்று உள்ளேயே போகவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதியபோது போனது. ஷேஃபரும் நீல்சனும் பாடப்புத்தகத்திலிருந்து விடைபெற வேண்டிய நேரம் அப்போதே வந்துவிட்டது.

1967 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு லைன்மேன் உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டுவிட்டு, பாதுகாப்பு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார். சக தொழிலாளி கம்பத்தில் ஏறி, தொங்கிய நிலையிலேயே அவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். தொங்கியவர் பிழைத்தார். அந்த வழியே வந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ராக்கோ மொராபிட்டோ எடுத்த படத்துக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால், மில் சுவரில் மாட்ட அந்தப் படம் இன்னும் பொருத்தம்.

நம் பக்கத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. இன்று கிணற்று மோட்டார், அறுவை ரம்பம், மாவு மிஷின், செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலை என்று கரண்ட் இல்லாத வேலையே இல்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. சுவரில் இருக்கும் ஆள் மட்டும் 1903-லேயே குப்புறக் கிடக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது பழைய சார்ட்டைவிடச் சுருக்கம். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதற்கு முன் ஆளைத் தொட்டால் இரண்டு சாவு. மெயின் எட்டாத தூரத்தில் இருந்தால், ஈரமில்லாத மரக்கட்டையோ பிளாஸ்டிக் பைப்போ கொண்டு ஆளைக் கம்பியிலிருந்து பிரிக்கலாம். அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பி என்றால் கிட்டவே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் ஒருவர் 108-க்குப் பேச, இன்னொருவர் ஆளை மல்லாக்கக் கிடத்தி மார்பின் நடுவே ஒரு கை மேல் ஒரு கை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாயோடு வாய் ஊதப் பயிற்சி இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை; பொதுமக்கள் மார்பை அழுத்தினாலே போதும் என்று இந்திய மயக்க மருத்துவர்கள் 2017-ல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறார்கள். மண்ணில் புதைத்தால் கரண்ட் இறங்கிவிடும் என்று நாட்டின் சில பகுதிகளில் இன்னும் குழி தோண்டுகிறார்கள். உடம்பிலிருந்து இறங்குவதற்குக் கரண்ட் ஒன்றும் மிச்சமிருக்காது. குழி வெட்டும் நிமிடங்களில் மூளைதான் சாகும்.

எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற ஆர்.சி.டி.யும் ஒழுங்காக இருந்தால் இந்த வேலைக்கே பெரும்பாலும் அவசியம் வராது. அது தனிக் கதை.

இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆலங்குளம் மில் ஒன்றுக்குள் போகும்போது, சார்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதைச் செய்து காட்ட இங்கே யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். மில் முதலாளிகளே, அந்தக் கேள்வி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மார்பை அழுத்தும் படம் உள்ள புதிய சார்ட்டை மாட்டுங்கள். ஒரு மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு, பயிற்சி உள்ள ஒருவரை வரவழைத்து, வேலைக்கு நிற்கிற அத்தனை பேரும் தங்கள் கையாலேயே ஒரு முறை அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள்.