ஆர்கன்சா ஆற்றின் மேல் பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லெட்வில் நகருக்கு அருகே ராக்கி மலையில் பிறக்கும் ஆர்கன்சா ஆறு, சுமார் 2,350 கி.மீ. ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. மலையை விட்டு வெளியேறுவதற்குள் அது ஓடும் முதல் 200 கி.மீ. தொலைவுதான் ராஃப்டிங் பிரியர்களின் களம். கேன்யன் சிட்டியை அடைவதற்குள் ஆறு 1,400 மீட்டர் இறங்கிவிடுகிறது. இவ்வளவு செங்குத்தாக இறங்கும் நீர் நுரைக்காமல் வேறென்ன செய்யும்?

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் இங்கு இல்லை. அதற்குச் சாட்சி சொல்வது எரிமலைச் சாம்பல்.

சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பிரின்ஸ்டன் சிகரத்தின் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த பெருக்கு தரையோடு தரையாகக் கிழக்கே பாய்ந்தது. எதிர்ப்பட்ட ஆற்றுப் படுகைகளை நிரப்பியது, 100 கி.மீ.க்கும் அப்பால் இன்றைய காசில் ராக் ஊர் வரை சென்றது. தன் சூட்டிலேயே உருகி ஒட்டி இறுகிய அந்தச் சாம்பலுக்கு வால் மவுன்டன் டஃப் என்று பெயர். டென்வரில் 1888இல் எழுந்த டிரினிட்டி மெதடிஸ்ட் தேவாலயத்தின் சுவர்கள் காசில் ராக்கில் வெட்டிய இந்தக் கல்தான். வெடித்த வாயோ அரிப்பில் அடியோடு மறைந்துவிட்டது.

தரையோடு ஓடும் சாம்பல் பள்ளத்தைக் கண்டால் அதில்தான் விழும். மேற்கு மலையில் புறப்பட்டது கிழக்குச் சமவெளியை எட்டியிருக்கிறது என்றால், இடையில் இன்று கிடக்கும் ஆழமான ஆர்கன்சா பள்ளத்தாக்கு அப்போது உருவாகியிருக்கவில்லை. துப்பறியும் கதைக்கு ஈடான இந்தத் தடயத்தை வைத்துத்தான் நிலவியலாளர்கள் பள்ளத்தாக்கின் வயதை வரையறுக்கிறார்கள். கிழக்கே தர்ட்டிநைன் மைல் எரிமலைத் தொகுதியும் அந்நாளில் சும்மா இருக்கவில்லை. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் சேற்றுப்பெருக்கு ஓர் ஓடையை மறித்ததில் உண்டான ஏரி இருந்த இடம்தான், கல்லாகிப்போன செக்கோயா மரங்களுக்கும் பூச்சிகளுக்கும் பெயர்பெற்ற ஃப்ளாரிசன்ட் புதைபடிவப் பூங்கா.

பிறகு நிலமே பிளந்தது. ரியோ கிராண்ட் பிளவு வடக்கே நீண்டபோது, மேற்கே சவாச் மலைத்தொடருக்கும் கிழக்கே மஸ்கீட்டோ தொடருக்கும் நடுவிலிருந்த நிலத்துண்டு கீழே இறங்கியது. பள்ளத்தாக்கு பிறந்தது இப்படித்தான். நாத்ரப் ஊரருகே, சுமார் 3 கோடி ஆண்டு வயதுடைய ரயோலைட் எரிகுழம்பு மேலே வந்து இறுகி ரூபி மவுன்டன் என்ற சிறு குன்றாக நிற்கிறது. அதன் சாம்பல்நிறப் பாறையை உடைத்தால், குழம்பு ஆறியபோது சிக்கிக்கொண்ட வாயு விட்டுச்சென்ற பொந்துகள் தெரியும். சிலவற்றில் கடுகு அளவுக் கருஞ்சிவப்புக் கார்னெட்டுகள், அபூர்வமாக டோபாஸ். பெயரில்தான் மாணிக்கம், மலையில் இருப்பது கோமேதகத்தின் பங்காளிக் கல். கறுப்பு எரிமலைக் கண்ணாடி உருண்டைகளும் அங்கே கிடைக்கின்றன.

பிரவுன்ஸ் கேன்யனுக்குள் நுழையும் ராஃப்டுகள் பல இந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் ஆற்றில் இறக்கப்படுகின்றன. உள்ளே இருப்பது எரிமலைப் பாறை அல்ல, நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழைய கருங்கல். மேற்கே மிருதுவான வண்டல் கிடக்க, ஆறு ஏன் கருங்கல்லைக் குடைகிறது? ஒரு காலத்தில் பள்ளத்தாக்கை வெகு உயரம் வரை நிரப்பியிருந்த வண்டலின் மேல் ஆறு ஓடியது. வண்டலை அறுத்து இறங்கியபோது கீழே புதைந்திருந்த கருங்கல் குறுக்கிட்டது. அதற்குள் தடம் மாற வழியில்லை. பின்பால், ஜூம் ஃப்ளூம் போன்ற பாய்ச்சல்கள் இந்தச் சிக்கலின் பலன்.

ஆற்றில் இன்னும் மேலே உள்ள நம்பர்ஸ், பைன் கிரீக் பகுதிகளின் முரட்டுத்தனத்துக்குப் பனியாறுகளே முதற்காரணம். பனியூழியில் அவை ஆற்றை அணைபோல மறித்து, பின்னர் உடைந்து, பெரும் பாறைகளைப் படுகையில் உருட்டிவிட்டன. எல்லாப் புகழையும் எரிமலைக்கே கொடுத்துவிட முடியாது.

இந்த ஆற்றில் 1949இல் சலைடா ஊரிலிருந்து கேன்யன் சிட்டி வரை நடந்த முதல் படகுப் போட்டியில் 23 பேர் புறப்பட்டனர். கடைசிவரை சென்றவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள் இருவர் மட்டுமே. பிரவுன்ஸ் கேன்யன் 2015இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் நீர் குறையும்போது, மேலுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து திறந்துவிட்டு, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வினாடிக்கு 700 கன அடி அளவில் ஓட்டத்தைப் பேண ஓர் உடன்பாடும் நடைமுறையில் உள்ளது.