'உலகின் டாப் 2% விஞ்ஞானி' என்றால் என்ன? சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் கணக்கு... எளிய விளக்கம்!

"உலகின் டாப் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்!" கல்லூரி விளம்பரங்களில் இந்த வரியை நீங்களும் பார்த்திருப்பீங்க. கூடவே சைட்டேஷன் இவ்வளவு, எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று எண்களும் இருக்கும். பிஹெச்டி கைடு தேடும் மாணவர்களும், பிள்ளைக்குக் கல்லூரி தேடும் பெற்றோரும் இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? பார்க்கலாம்.

சைட்டேஷன் என்றால் என்ன?

ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டினால், அது ஒரு சைட்டேஷன். அவ்வளவுதான். புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லோரி குழுவினர் 1951-ல் எழுதிய கட்டுரை, 3 லட்சத்துக்கும் அதிகமான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. லேப்களில் அன்றாடம் தேவைப்பட்ட முறை என்பதுதான் காரணம்.

எச்-இண்டெக்ஸ் எப்படி கணக்கிடப்படுகிறது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவரின் 6 கட்டுரைகளுக்கு 90, 20, 8, 5, 3, 1 என சைட்டேஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. ஆனால் குறைந்தது 5 பெற்றவை 5 இல்லை. அதனால் எச்-இண்டெக்ஸ் 4.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. முதல் கட்டுரையின் 90 நாளைக்கே 9,000 ஆனாலும் எச்-இண்டெக்ஸ் அதே 4 தான்!

கணிதமும் மருத்துவமும் ஒண்ணா?

இல்லை. மருத்துவம், உயிரியல் துறைகளில் கட்டுரைகள் அதிகம், மேற்கோள் பட்டியலும் நீளம். கணிதத்தில் இரண்டுமே குறைவு. அதனால் கணிதப் பேராசிரியரின் 15-ஐ மருத்துவ ஆய்வாளரின் 40-உடன் ஒப்பிட்டு, யார் பெரியவர் என்று சொல்லவே முடியாது.

துகள் இயற்பியல் இன்னொரு ரகம். ஹிக்ஸ் போசானின் நிறை பற்றி 2015-ல் வந்த ஒரு கட்டுரையை எழுதியவர்கள் 5,000-க்கும் மேல். அதன் சைட்டேஷன் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாகவே சேரும்.

ஆனால் அந்தத் துகளை 1964-லேயே கணித்த பீட்டர் ஹிக்ஸ், அதன்பிறகு எழுதிய கட்டுரைகள் 10-க்கும் குறைவு. 2013-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதிக சைட்டேஷன் என்றால் நல்ல ஆய்வா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. தடுப்பூசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-ல் வெளியிட்ட கட்டுரையை, லான்செட் இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. அதையும் ஏராளமானோர் மேற்கோள் காட்டியுள்ளனர், பெரும்பாலும் தவறு என்று சுட்டிக்காட்டுவதற்காக! எண்ணிக்கையில் பாராட்டும் கண்டனமும் ஒன்றுதான்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதும் உண்டு. ஓரளவு இருந்தால் இயல்புதான். அளவு மீறினால் எண்ணை ஏற்றுவதற்கான வழியாகிவிடும்.

அப்போ டாப் 2% பட்டியல்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு, எல்சேவியரின் ஸ்கோபஸ் தரவுகளை வைத்துத் தயாரிப்பது இது. பலரும் நினைப்பது போல ஸ்டான்ஃபோர்டு வழங்கும் விருது அல்ல. 22 துறைகள், 174 உட்பிரிவுகள் எனப் பிரித்து, அந்தந்த உட்பிரிவுக்குள் ஒப்பிடுகிறார்கள். மொத்த சைட்டேஷனோடு, எத்தனை பேர் சேர்ந்து எழுதியது, இவர் எத்தனையாவது ஆசிரியர் என்பதும் கணக்கில் வரும்.

முக்கியமாக, இதில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. ஒன்று ஆய்வு வாழ்க்கை முழுவதற்கும். மற்றொன்று ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும். விளம்பரத்தில் சொல்வது எது என்று கேட்டுப் பாருங்க.

இதனால் யாருக்கு என்ன?

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையிலும் கட்டுரை எண்ணிக்கைக்கும் சைட்டேஷனுக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் எண்ணைக் கூட்டச் சொல்லும் அழுத்தம் ஆய்வாளர்கள் மேல் விழுகிறது. எச்-இண்டெக்ஸ் மோசமான பக்கவிளைவுகளை ஏற்படுத்தக்கூடும் என்று, அதை உருவாக்கிய ஹிர்ஷே 2020-ல் எழுதினார்.

நீங்கள் என்ன பார்க்க வேண்டும்?

* எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது? கூகுள் ஸ்காலரில் பொதுவாக ஸ்கோபஸைவிட அதிகமாகக் காட்டும்.
* ஒப்பீடு அதே துறைக்குள்தானா? அனுபவமும் ஏறக்குறைய சமமா?
* சுய மேற்கோளைக் கழித்தால் எவ்வளவு?
* திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா?
* அவரிடம் பிஹெச்டி முடித்தவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு எந்த இண்டெக்ஸிலும் பதில் கிடைக்காது. அவரிடம் படித்த மாணவர்களிடம் நேரில் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.