மூலையில் குந்திய முதியோனும் தெமோதரைச் சுற்றுப்பாதையும்
துப்பறியும் கதையின் சமுதாய அடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

மலையகத் தமிழ் நாவலின் தொடக்கத்தை ஆராயப் புகுவோர் ஒரு சங்கடத்தை எதிர்நோக்குகின்றனர். தோட்டத் தொழிலாளரின் துயரைக் கூறும் ஒரு நூலை அத்தொடக்கத்திற் காண விழையும் அவர்கள் முன் வந்து நிற்பது ஒரு துப்பறியும் கதை. 1924ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்'. அதன் ஆசிரியரோ தோட்டத் தொழிலாளரைத் தொழிற்சங்க வழியில் அணிதிரட்டிய முன்னோடியான கோ. நடேசய்யர். போராளி ஒருவரின் பொழுதுபோக்கு என்று கூறி இதனைக் கடந்துவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. இலக்கிய வகை எதுவும் தற்செயலாகத் தோன்றுவதில்லை. தற்செயலாகக் கடன் வாங்கப்படுவதுமில்லை.

நூலின் தலைப்பே அதன் மூலத்தைச் சுட்டிவிடுகிறது. ஓர்ட்ஸி சீமாட்டி 1901ஆம் ஆண்டு முதல் இலண்டன் சஞ்சிகையொன்றில் எழுதிவந்த கதைகளின் நாயகன்தான் மூலையில் அமர்ந்த அம்முதியவன். பெயரற்ற இவன் இலண்டனிலுள்ள ஒரு தேநீர்ச்சாலையின் மூலையில் அமர்ந்து, நூற்கயிற்றில் முடிச்சிட்டும் அவிழ்த்தும், பொலிசாருக்குப் பிடிபடாத குற்றங்களின் மர்மத்தை இளம் பெண் நிருபர் ஒருத்திக்கு விளக்குகிறான். தேநீர்ச்சாலையில் அமர்ந்துகொண்டு அவன் அருந்துவது பால் என்பது கதாசிரியையின் மெல்லிய நகைச்சுவை. ஆனால் அவன் எந்தக் குற்றவாளியையும் காட்டிக்கொடுப்பதில்லை. திறமையான குற்றத்தை அவன் இரசிக்கிறான். நீதியில் அவனுக்கு அக்கறையில்லை. இருந்த இடத்தில் இருந்தபடி உலகை அறிந்துவிடலாம் என்ற நடுத்தர வர்க்க நம்பிக்கையின் உருவம் அவன்.

இக்கதைகளை எழுதியவரின் பிறப்பும் பின்னணியும் நமது நோக்குக்கு முக்கியமானவை. ஓர்ட்ஸி 1865இல் ஹங்கேரியின் நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவருடைய தந்தை தமது பண்ணையில் இயந்திரங்களைப் புகுத்தியபோது, பிழைப்புப் பறிபோகுமென்று அஞ்சிய உழவர் தீவைத்தனர். 1868இல் அக்குடும்பம் உழவர் கிளர்ச்சிக்கு அஞ்சிப் பண்ணையை நீங்கியது. பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்களத்திலிருந்து பிரபுக்களை மீட்கும் வீரனைப் படைத்து அவர் பின்னாளிற் பெரும்புகழ் பெற்றதன் வேர் இங்கேயே உள்ளது. ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் இரட்டை முடியரசாக உடன்பட்ட 1867ஆம் ஆண்டே, இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட ஆண்டுமாகும். பண்ணையை விட்டோடிய நிலப்பிரபுவின் மகள் படைத்த கதாபாத்திரத்தை, தோட்டத்துக்குள் நுழைய முயன்ற தொழிற்சங்கவாதி தமிழாக்கினார் என்பது வரலாற்றின் முரண்நகையாகும்.

அந்த இரட்டை முடியரசு 1918இல் சிதைந்தது. சிதைந்த பின்னரே அது சிரிப்புக்குரிய பொருளாயிற்று. அமெரிக்க எழுத்தாளர் அவ்ராம் டேவிட்சன் 1975இல் வெளியிட்ட 'டாக்டர் எஸ்டர்ஹாஸியின் விசாரணைகள்' இதற்குச் சிறந்த சான்று. சித்தியா–பன்னோனியா–டிரான்ஸ்பால்கானியா என்னும் கற்பனை மும்முடி அரசொன்றில், பல துறைகளிலும் பட்டம் பெற்ற அறிஞரொருவர் விசித்திர வழக்குகளை ஆராய்கிறார். அறிஞருக்குச் சூட்டப்பட்ட பெயரோ ஹங்கேரியின் மாபெரும் நிலவுடைமைக் குடும்பமொன்றின் பெயர். நீண்ட காலம் உறங்கும் பெண்ணொருத்தியைக் காட்சிப்பொருளாக்கிக் காசு சேர்ப்பது முதலான விந்தைகள் இக்கதைகளில் வருகின்றன. மந்திரமும் அறிவியலும், பேரரசரின் ஆடம்பரமும் அலுவலகத் தூசியும் கலந்த இவ்வுலகு நம்மைச் சிரிக்கவைக்கிறது. அழியப்போவதை அறியாத பேரரசை, அது அழிந்ததை அறிந்த வாசகர் பார்ப்பதாலேயே இந்நகை பிறக்கிறது. 1976இல் இந்நூல் உலகக் கனவுருப்புனைவு விருதையும் பெற்றது.

தமிழில் இத்தகைய எள்ளல் ஏன் தோன்றவில்லை? அயல்நாட்டு அரசவைகள் நமக்குப் புதியனவல்ல. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இலேயே எகிப்தைக் களமாக்கியது. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் ஐரோப்பிய வீரக்கதையொன்றைத் தமிழாக்கியது. தமிழகத்தில் நடேச சாஸ்திரியின் 'தானவன்' தொடங்கி, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் வரை துப்பறியும் கதை பெருவழக்காயிற்று. அயல்நாட்டுக் களம் வீரக்கதையாக வந்தது; துப்பறிதல் தழுவலாக வந்தது. பேரரசை எள்ளும் கற்பனை மட்டும் எழுத்தில் வரவில்லை. ஆண்ட பேரரசு அப்போது உயிரோடிருந்தது. அதன் சட்டமும் பொலிசும் உயிரோடிருந்தன.

ஆயினும் ஏட்டில் வராத எள்ளல் வாய்மொழியில் வாழ்ந்தது. தெமோதரையை நோக்குவோம். பதுளைக்கான புகையிரதப் பாதை நிறைவுற்றதும் நடேசய்யரின் நூல் வெளிவந்த அதே 1924ஆம் ஆண்டிலேயே. தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி மலையைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. செங்குத்தான சரிவைப் பொறியியல் வென்ற விதம் இது. இதற்கு மக்கள் கூறும் காரணமோ வேறு. வழி தெரியாது திகைத்த பொறியியலாளர், தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இவ்வடிவத்தைக் கண்டடைந்தாராம். பேரரசின் மர்மத்தை ஒரு முண்டாசு துப்புத்துலக்கிவிடுகிறது! டேவிட்சனின் கற்பனை நாட்டில் நிகழத்தக்க கதை இது. எனினும் இவ்வெள்ளலுக்கும் ஒரு வர்க்க எல்லை உண்டு. கதையில் இடம்பெறுவது கங்காணியின் தலைப்பாகையே. மண் சுமந்த கூலியின் தலைச்சும்மாடு அன்று.

இனி நடேசய்யரின் தேர்வுக்கு மீள்வோம். ஏர்னஸ்ட் மன்டேல் குற்றக்கதையின் சமூக வரலாற்றை 1984இல் எழுதியபோது, அதன் வளர்ச்சியை முதலாளித்துவ சமுதாயத்தின் வளர்ச்சியோடு இணைத்து நோக்கினார். அக்கதை குற்றத்தைத் தனிமனிதனின் செயலாகச் சுருக்குகிறது. அவன் பிடிபட்டதும் ஒழுங்கு மீள்கிறது. பெருந்தோட்டத்திலோ ஒழுங்கே குற்றம். ஒரு கங்காணியின் கடனிலிருந்து மற்றொரு கங்காணியின் கடனுக்குத் தொழிலாளியைக் கைமாற்றிய 'துண்டு' 1921 வரை சட்டபூர்வமாக இருந்தது. பகல் முழுதும் உழைத்தவளுக்குக் கொழுந்து குறைந்ததென்று 'அரைப்பேர்' போட்ட கணக்கு செக்றோலில் மைகொண்டு எழுதப்பட்டது. கைரேகை தேடவேண்டிய குற்றமன்று இது. கையொப்பத்துடன் நிகழ்ந்த குற்றம். மூலையில் குந்திய முதியோன் எத்தனை முடிச்சவிழ்த்தாலும் இம்முடிச்சு அவிழாது.

இதனை நடேசய்யர் நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய நூலைவிட அவருடைய வாழ்வே சான்று. தோட்டம் தனியார் உடைமை. அயலார் உட்புகத் தடை இருந்தது. அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்றார். நிலைமைகளை நேரிற் கண்டறிந்தார். மாறுவேடம், உளவு, சாட்சியம் என்னும் துப்பறியும் கதையின் கருவிகள் யாவும் இங்குள்ளன; அவற்றின் வர்க்கத் திசை மட்டும் மாறிவிட்டது. உடைமையைக் காக்கும் துப்பறிவாளன் உடைமையை விசாரிப்பவனானான். விசாரணையின் முடிவைத் தேநீர்ச்சாலை மூலையில் ஒருத்தியிடம் கூறி எழுந்துவிடவில்லை. 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளிற் பகிரங்கப்படுத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். எனவே 1924ஆம் ஆண்டு நூல் அவருடைய அரசியலுக்குப் புறம்பானதன்று. அந்தக் கதை வடிவம் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கிருந்தே அவருடைய இயக்கம் தொடங்குகிறது.

இன்னொரு படி மேலே சென்றவர் ஊவாத் தொழிலாளரே. 1940 மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜிகளின் தலைமையிலான வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர்; அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களையே களைந்தனர். சிறிது காலம் துரைமாரின் பேரரசு கற்பனைப் பேரரசாயிற்று.

ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, 1,50,000 பேரைப் பின்னர் தீர்க்கவேண்டிய மிச்சமாக விட்டது. அவர்களைத் தலைமன்னாருக்குச் சுமந்த வண்டியை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றது. பதுளையிற் புறப்பட்டோர் தெமோதரைச் சுற்றுப்பாதையைக் கடந்தே சென்றனர். இறங்கிய பாதையில் மீண்டும் ஏறி, தம் முன்னோர் அமைத்த தண்டவாளத்தை மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டே அவர்கள் பிரிந்தனர். இலட்சக்கணக்கானோர் காணாமற்போன இவ்வழக்கில் மறைந்திருந்த குற்றவாளி எவருமில்லை. எல்லாம் அரசிதழ்களில் அச்சாகியிருந்தன.

மலையக நாவல் துப்பறியும் கதையாகத் தொடங்கியதற்கு நாம் வெட்கமுறவேண்டியதில்லை. யார் செய்தது என்று வினவுவதே அக்கதை வடிவத்தின் உயிர். அவ்வினாவைத் தனிமனிதனிடமிருந்து உற்பத்தி உறவுகளுக்குத் திருப்புவதே பின்வந்தோரின் பணியாயிற்று. இலக்கிய வரலாற்றாசிரியர் 1924ஐ விபத்தாகக் கொள்ளாது தொடக்கமாகவே கொள்ளல் வேண்டும்.