படத்துக்குக் கப்பம்: பிஎன்ஜி பிறந்த கதை

வலைப்பக்கத்தில் படம் போட உட்காரும் எவருக்கும் முதலில் வரும் கேள்வி: ஜிஃப்பா, ஜேபெக்கா, பிஎன்ஜியா? கையேடுகள் இதற்கு மூன்று வரியில் விடை சொல்லிவிடும். புகைப்படம் என்றால் ஜேபெக். சின்னம், வரைபடம், எழுத்துள்ள படம் என்றால் பிஎன்ஜி. குட்டி அசைபடம் என்றால் ஜிஃப். விடை சரிதான். ஆனால் ஜிஃப்பும் பிஎன்ஜியும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும்போது இரண்டு எதற்கு? இதற்கான காரணம் கணினி அறிவியலில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி ஒரு காப்புரிமைச் சண்டையில் இருக்கிறது.

தொலைபேசிக் கம்பியில் ஒரு படம்

இணையம் பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இயங்கிய கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தி, உரையாடல், கோப்புப் பரிமாற்றம் போன்ற சேவைகளை விற்று வந்தது. அன்றைய மோடம் நொடிக்கு 2,400 பிட் அனுப்பினாலே பெரிய விஷயம். 320க்கு 200 புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தால் 64,000 பைட். அதாவது 5,12,000 பிட். அந்த ஒரு சின்னப் படம் வந்து சேர மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்! அதுவரை தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே படத்தைச் சுருக்கியே தீரவேண்டும். ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு 1987 ஜூன் 15 அன்று ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. அதிகபட்சம் 256 நிறங்கள். சுருக்குவதற்கு எல்இசட்டபிள்யூ என்ற முறை. லெம்பல், சிவ், வெல்ச் ஆகிய மூவர் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது இது.

இம்முறை ஓர் அகராதியைப் போல வேலை செய்கிறது. படத்தை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும்போது, புதிதாகக் கண்ட ஒவ்வொரு புள்ளித் தொடருக்கும் ஓர் எண் கொடுத்து வைத்துக்கொள்ளும். அதே தொடர் மறுபடி வந்தால் அந்த எண்ணை மட்டும் எழுதும். நீலவானம் போல ஒரே நிறம் நீண்டு கிடந்தால் நூற்றுக்கணக்கான புள்ளிகள் சில எண்களில் அடங்கிவிடும். விரிக்கும் கணினி அதே அகராதியைத் தானே கட்டிக்கொள்ளும் என்பதால் அகராதியைத் தனியாக அனுப்பவும் வேண்டாம். ஒரு புள்ளிகூட இழக்காமல் பழைய படம் திரும்பக் கிடைக்கும்.

1989இல் வந்த திருத்தப் பதிப்பு, பின்னணி தெரியும்படி ஒரு நிறத்தை மறைக்கவும், படங்களை இடைவெளி விட்டு அடுத்தடுத்துக் காட்டவும் வழி செய்தது. 1993இல் மொசைக் உலாவி எழுத்துகளுக்கு நடுவிலேயே படத்தைக் காட்டத் தொடங்கியதும் ஜிஃப் வலையின் இயல்பான பட வடிவமாகிவிட்டது.

பின்னால் வந்த சீட்டு

ஆபிரகாம் லெம்பலும் ஜேக்கப் சிவும் 1977, 1978 ஆண்டுகளில் இச்சுருக்க முறையின் அடிப்படையை வெளியிட்டார்கள். ஸ்பெரி நிறுவனத்தில் பணியாற்றியபோது டெர்ரி வெல்ச் அதை எளிமையாக்கினார். 1984இல் ஒரு கணினி இதழில் அவர் எழுதிய கட்டுரையைப் படித்த நிரலாளர்கள் பலரும் அம்முறையைத் தங்கள் மென்பொருளில் பயன்படுத்தினார்கள். ஆனால் 1983 ஜூன் மாதமே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போயிருந்தது. அந்த விவரம் கட்டுரையில் இல்லை. 1985இல் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டே ஸ்பெரியும் பரோஸ் நிறுவனமும் இணைந்து யூனிசிஸ் ஆனதால் காப்புரிமையும் யூனிசிஸ் கைக்குப் போனது.

ஜிஃப்பை வடிவமைத்தபோது கம்ப்யூசர்வுக்கு இது தெரியாது. ஜிஃப்புக்குள் தன் முறை இருப்பது யூனிசிஸுக்கும் பல ஆண்டுகள் தெரியாது. தெரிய வந்தபின் இரு நிறுவனங்களும் பேசி 1994இல் உடன்பாடு கண்டன. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது: ஜிஃப்பைக் கையாளும் மென்பொருளை விற்பவர்கள் இனி உரிமத்தொகை கட்டவேண்டும்.

படம் பார்ப்பவர்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. ஆனால் ஏழாண்டுகளாக இலவசம் என்று நம்பி உலகமே பயன்படுத்திய ஒன்றுக்கு, விட்டுவிடவே முடியாதபடி பழகிய பிறகு கப்பம் கேட்டதுதான் நிரலாளர்களைக் கொதிக்க வைத்தது. சட்டப்படி யூனிசிஸ் பக்கம் தவறில்லை. ஆனாலும் அடுத்து யாரிடம் கேட்பார்கள் என்ற அச்சம் பரவிவிட்டது. அந்த அச்சம் வீண்போகவில்லை. 1999இல் சில இணையதளங்களிடமே 5,000 டாலர் அளவில் உரிமத்தொகை கேட்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதியை 'எல்லா ஜிஃப்களையும் எரிக்கும் நாள்' என்று எதிர்ப்பாளர்கள் அறிவித்தார்கள்.

கூடிக் கட்டிய வடிவம்

அறிவிப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. 1995 ஜனவரி 4 அன்று தாமஸ் பூட்டெல் என்ற நிரலாளர் யூஸ்நெட் விவாதக் குழுவில் புதிய பட வடிவம் ஒன்றுக்கு வரைவு எழுதிப் போட்டார். முன்பின் பார்த்திராத பலர் மின்னஞ்சலிலேயே விவாதித்து அதைச் செதுக்கினார்கள். அதுதான் பிஎன்ஜி. 'பிஎன்ஜி, ஜிஃப் அல்ல' என்று அதன் பெயருக்கு வேடிக்கையாக ஒரு விரிவும் உண்டு. 1996 அக்டோபர் 1 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது.

ஜிப் கோப்புகளில் பழகிய டிஃப்ளேட் என்ற சுருக்க முறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காப்புரிமைத் தொல்லையின்றி அதை எழுத முடியும். 256 நிற வரம்பு போய், கோடிக்கணக்கான நிறங்கள் வந்தன. ஜிஃப்பில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது. பிஎன்ஜியில் 256 படிநிலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மங்க வைக்கலாம். கோப்பின் முதல் எட்டு பைட்டுகள்கூட யோசித்து வைக்கப்பட்டவை. வழியில் ஏதாவது கணினி அதை எழுத்துக் கோப்பு என்று நினைத்து வரிமுடிவுகளை மாற்றிவிட்டால், அந்தக் கோளாறு முதல் எட்டு பைட்டிலேயே பிடிபட்டுவிடும்.

ஆனால் ஒன்றை விட்டார்கள். ஒரு கோப்பில் ஒரு படம்தான் என்று முடிவு செய்ததால் அசைபடத்துக்கு இடமில்லாமல் போனது. போதாக்குறைக்கு 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, பிஎன்ஜியின் மங்கலான ஓரங்களைச் சரியாகக் காட்டவில்லை. 2006இல் 7ஆம் பதிப்பு வரும்வரை வலை வடிவமைப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஜேபெக்கின் வழி வேறு

ஜேபெக் தரம் 1992இல் வந்தது. புகைப்படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றுபோல இருப்பது அரிது என்பதால் அகராதி முறை அங்கே அவ்வளவாக எடுபடாது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் களைந்துவிடுகிறது. அதற்கான கணிதத்தைப் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974இல் வெளியிட்டார். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1972இல் இந்த ஆய்வுக்கு அகமது நிதி கேட்டபோது, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தர மறுத்துவிட்டது!

களைந்தது களைந்ததுதான், திரும்ப வராது. அதனால்தான் ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் குறைகிறது. எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப்போல் புள்ளிகள் படிகின்றன. ஜேபெக்கும் காப்புரிமைச் சண்டைக்குத் தப்பவில்லை. 2002இல் ஃபோர்ஜென்ட் என்ற நிறுவனம் பழைய காப்புரிமை ஒன்றைக் காட்டிப் பல நிறுவனங்களிடம் கோடிக்கணக்கில் டாலர் வசூலித்தது. 2006இல்தான் அது ஓய்ந்தது.

சண்டைக்குப் பின்

யூனிசிஸின் காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஜூன் 20 அன்றும், மற்ற நாடுகளில் 2004இலும் காலாவதியானது. எரிக்கச் சொன்ன ஜிஃப் சாகவில்லை. அசைபடம் என்ற ஒரே பலத்தில் பிழைத்துக்கொண்டது. அசையும் பிஎன்ஜி 2004இலேயே மொசில்லா தரப்பில் உருவாகத் தொடங்கியும், பிஎன்ஜி தரத்துக்குள் அது அதிகாரபூர்வமாக நுழைந்தது 2025இல்தான்.

இந்தச் சண்டையின் பாடம் பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது. கூகுள் 2010இல் அறிவித்த வெப்பியும், பல நிறுவனங்கள் கூடி 2019இல் வெளியிட்ட ஏவிஃப்பும் உரிமத்தொகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு வந்தன. கோப்பு எவ்வளவு சிறியது, படம் எவ்வளவு தெளிவு என்று மட்டும் 1987இல் கேட்டார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றாவது கேள்வியை வலையுலகம் கற்றுக்கொண்டது 1994க்குப் பிறகுதான்.