சுனைகள் வகுத்த வழி: மொஹாவி சாலையின் வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தென்கிழக்கில், கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மொஹாவி பாலைவனத்தை மேற்காக ஊடறுத்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர் செல்லும் மண்பாதையில், இன்று குடும்பங்கள் ஜீப் வகை வண்டிகளில் கூடாரமும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாள் உலா போகின்றன. மொஹாவி சாலை எனப்படும் இதற்குப் ‘பழைய அரசாங்கச் சாலை’ என்ற பெயரும் உண்டு. ஆனால் இதன் போக்கை வகுத்ததில் அரசாங்கத்தின் பங்கு சொற்பமே. பையூட், ராக், மார்ல், சோடா என்ற சுனைகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 30 முதல் 50 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருந்ததாலேயே, கால்நடையாகச் சென்ற மனிதன் பாலையைக் கடக்க முடிந்தது. அச்சுனைகளைத் தொடுத்து வழி கண்டவர்கள், கொலராடோ வெள்ளம் வடிந்த வண்டலில் பயிரிட்டு வாழ்ந்த மொஹாவி பழங்குடியினர். பசிபிக் கடற்கரைச் சிப்பிகளும் சிப்பிமணிகளும் இவ்வழியாகவே உள்நாட்டுக்கு வந்தன.

1776-இல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியத் துறவியும், 1826-இல் ஜெடடியா ஸ்மித் என்ற தோல் வணிகரும் இப்பாதையில் சென்றதைப் பிற்கால நூல்கள் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதின. இருவருமே பழங்குடியினர் காட்டிய வழியில் நடந்தவர்கள்தாம். 1857-இல் எட்வர்ட் பீல் என்பவர், இராணுவத்துக்காக மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டகங்களுடன் கொலராடோவைக் கடந்தார். ஒட்டகங்கள் சுமையைத் திறம்படவே சுமந்தன. ஆயினும் கோவேறு கழுதைகளோடு பழகியவர்களுக்கு அவற்றின் மீது வெறுப்பு இருந்தது, உள்நாட்டுப் போர் மூண்டதும் அம்முயற்சி கைவிடப்பட்டது.

குடியேற வந்தவர்களுக்கும் மொஹாவி மக்களுக்கும் 1858-இல் மோதல் மூண்டதை அடுத்து, மறு ஆண்டு கொலராடோ கரையில் மொஹாவி கோட்டை நிறுவப்பட்டது. அதற்கு வேண்டிய தானியமும் துப்பாக்கி மருந்தும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து கோவேறு கழுதை வண்டிகளில் வந்தமையால் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையாயிற்று. பையூட் சுனைக்கு மேற்கே உள்ள ஏற்றத்தில், இரும்புப் பட்டையிட்ட சக்கரங்கள் பாறையைத் தேய்த்து உண்டாக்கிய இணைத்தடங்களை இன்றும் காணலாம். 1860-களின் பிற்பகுதியில் தபால் வண்டிகளும் இவ்வழியே ஓடியபோது, அவற்றின் காவலுக்காகச் சுனைதோறும் சிறு படைநிலைகள் வைக்கப்பட்டன. யார் எங்கே தங்குவது என்பதை அப்போதும் தண்ணீரே முடிவு செய்தது.

1883-இல் நீடில்ஸ் ஊர்வரை இருப்புப்பாதை வந்தபின் வண்டிகள் நின்றன. நீராவி எஞ்சினுக்கு வேறு தடம் ஏற்றதாக இருந்ததும், பின்னர் வந்த நெடுஞ்சாலைகளும் இதைத் தொடாமல் விலகிச் சென்றதும் ஒரு வகையில் நற்பேறு. தார் பூசப்பட்டிருந்தால் பழைய தடம் அழிந்திருக்கும்.

டென்னிஸ் கேஸ்பியர் என்ற ஆய்வாளர் இராணுவ ஆவணங்களைத் துருவி, நண்பர்களுடன் களத்தில் தடத்தை அடையாளம் கண்டு, 1980-களில் வழிகாட்டி நூல் வெளியிட்ட பிறகே இது குடும்ப உலாவுக்குரிய பாதையாக மறுபிறவி எடுத்தது. புதிய பயணிகள் தமக்கெனச் சில வழக்கங்களையும் உண்டாக்கிக்கொண்டார்கள்: சோடா ஏரி என்ற வறண்ட உவர்ப்படுகையின் நடுவே உள்ள கற்குவியலில் ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்த கல்லைச் சேர்க்கிறார்கள், வழியில் நடப்பட்ட தபால் பெட்டியிலுள்ள ஏட்டில் பெயரெழுதுகிறார்கள். மழைக்குப் பின் அவ்வேரியின் மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினாலும், உள்ளிருக்கும் சேறு வண்டியை அச்சுவரை விழுங்கிவிடும். ஆகவே ஈரக்காலத்தில் அனுபவசாலிகள் அதைச் சுற்றியே செல்வர்.

1994-இல் பாதையின் பெரும்பகுதி மொஹாவி தேசியக் காப்பகத்துக்குள் அடங்கியது. ஏற்கெனவே உள்ள தடங்களை விட்டு வண்டி இறங்கக் கூடாது, முன்பு முகாமிட்ட இடங்களிலேயே வண்டியோரம் கூடாரமடிக்க வேண்டும் என்ற விதிகள் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தளபதி பேட்டனின் பயிற்சிப் படை ஓட்டிய டாங்கிகளின் தடங்கள் இதே பாலைவனத்தின் வேறு பகுதிகளில் எண்பது ஆண்டுகளாகியும் மறையவில்லை.