ஓநாய் போனது, நாயும் போனதோ?

மோப்பத்தை விடக் கண்ணையே நம்பி, பார்த்ததும் பாய்ந்து விரட்டும் வேட்டை நாய்கள் உண்டு. அயர்லாந்தின் ஓநாய் வேட்டை நாய் அந்த இனந்தான்.

ஓநாய்த் தொல்லை மிகுந்த 1652-இல், இந்நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று ஆணையே பிறந்தது. அவ்வளவு மதிப்பு! ஓநாய் குறையக் குறைய நாய்க்கும் வேலை போச்சு. 1786 வாக்கில் கடைசி ஓநாயும் மடிந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் யார் சோறு போடுவார்? இனமே அருகியது.

1860களில் கேப்டன் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரகாம் மிஞ்சிய சில நாய்களைத் தேடிப் பிடித்தார். ஸ்காட்லாந்து மான் வேட்டை நாய், கிரேட் டேன் ஆகியவற்றோடு கலந்து, பல்லாண்டு பாடுபட்டு மீட்டார். 1885-இல் சங்கமும் கண்டார். ஆயினும் திரும்பியது கலப்பினமே. பழைய இரத்தம் முழுதும் திரும்பவில்லை.

கைவிடுவது எளிது, மீட்பது அரிது. சிந்திப்பீர்!